ஆட்டிசம் வகுப்பில் பாரா வேலை: ஸ்கூல் சைக்காலஜி படிக்க ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் பதில் எழுதுபவர் நியூஜெர்சியில் ஒரு பொதுப் பள்ளி மாவட்டத்தில் ஸ்கூல் சைக்காலஜிஸ்டாக, அதாவது கற்றலிலோ நடத்தையிலோ சிரமப்படும் பிள்ளைகளை மதிப்பிட்டு உதவும் பள்ளி உளவியலாளராகப் பணியாற்றுகிறார். இத்துறை மாணவர்களுக்கான ஸ்காலர்ஷிப் தேர்வுக் குழு ஒன்றில் விண்ணப்பங்களைப் படிப்பவர்.

கேள்வி: எனக்கு 41 வயது. சென்னையில் எம்.எஸ்ஸி. உளவியல் முடித்தவள். கணவரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் வந்து பல வருடம் வீட்டில் இருந்தேன். வேலை அனுமதி கிடைத்த பிறகு ஒரு எலிமென்டரி பள்ளியில் ஆட்டிசம் வகுப்பில் பாராவாக, அதாவது ஆசிரியருக்கு உதவும் பணியாளராகச் சேர்ந்தேன். இப்போது கிரீன் கார்டும் வந்துவிட்டது. எங்கள் பள்ளியின் சைக்காலஜிஸ்ட், “நீங்களே இதைப் படிக்கலாமே” என்கிறார். ஆனால் மகள் அடுத்த வருடம் கல்லூரிக்குப் போகிறாள். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஃபீஸ் கட்ட எங்களால் முடியாது. இந்த வயதில் எனக்கு யார் ஸ்காலர்ஷிப் தருவார்கள்?
— ஒரு வாசகி, எடிசன், நியூஜெர்சி

பதில்: சகோதரி, முதலில் வயதை விட்டுவிடுங்கள். நான் படிக்கும் விண்ணப்பப் படிவத்தில் வயதைக் கேட்கும் இடமே இல்லை. பள்ளிக்கூடத்தில் என்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்கும் இடம்தான் பெரிது. கல்லூரியிலிருந்து நேராக வரும் பிள்ளைகள் பலருக்கு ஐஇபி, அதாவது ஒரு குழந்தைக்கென்றே எழுதும் சிறப்புக் கல்வித் திட்டம், என்பது பாடப் புத்தகத்தில் படித்த விஷயம். அதில் எழுதியிருப்பதை ஒரு குழந்தையோடு தரையில் உட்கார்ந்து தினமும் செய்து பார்ப்பவர் நீங்கள். உங்கள் கடிதத்தில் அந்த வேலையை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். விண்ணப்பத்தில் அப்படிச் செய்யாதீர்கள்.

மற்ற வாசகர்களுக்காகப் படிப்பின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஸ்கூல் சைக்காலஜிஸ்ட் ஆக சாதாரண மாஸ்டர்ஸ் போதாது, டாக்டர் பட்டம் கட்டாயமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஸ்பெஷலிஸ்ட் நிலை என்று ஒன்று இருக்கிறது. குறைந்தது 60 கிரெடிட், அதோடு 1,200 மணி நேர இன்டர்ன்ஷிப். அந்த 1,200-இல் 600 மணியாவது பள்ளியில் இருக்க வேண்டும். முழுநேரமாகப் படித்தால் மூன்று வருடம்: இரண்டு வருடம் வகுப்பும் களப் பயிற்சியும், மூன்றாவது வருடம் இன்டர்ன்ஷிப். நாஸ்ப் எனப்படும் தேசியப் பள்ளி உளவியலாளர் சங்கம் வகுத்த அளவு இது. பெரும்பாலான மாநிலங்கள் இதை ஒட்டியே உரிமம் தருகின்றன.

உங்கள் எம்.எஸ்ஸி. வீணாகாது. சான்றிதழ்களை மதிப்பிடும் நிறுவனம் ஒன்றிடம் பாடவாரியான அறிக்கை வாங்குங்கள். வெறும் பட்டச் சமநிலை அறிக்கை பல இடங்களில் போதாது. பிறகு நீங்கள் சேர விரும்பும் துறையின் இயக்குநரிடம், எத்தனை கிரெடிட்டைக் கழித்துக்கொள்வார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். புள்ளியியலும் வளர்ச்சி உளவியலும் கழிந்தால்கூட அது பெரிய பணம். கிரெடிட் ஒன்று 700 டாலர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 42,000. இரண்டு பாடம் குறைந்தால் 4,200 மிச்சம். ஸ்காலர்ஷிப் என்று பெயர் வைத்துத் தரும் தொகைகள் பலவும் இதைவிடச் சிறியவை.

இனிப் பணம். கிரீன் கார்டு இருப்பதால் உங்களுக்கு மூன்று கதவுகள் திறந்திருக்கின்றன. முதலாவது, மத்திய கல்வித் துறை பல்கலைக்கழகங்களுக்குத் தரும் பயிற்சி மானியம். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பணியாளர்களை உருவாக்கத் தரப்படுவது இது. நீங்கள் வாஷிங்டனுக்கு எழுதிப் பயனில்லை. மானியம் வாங்கியிருக்கும் துறையே தன் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும். அதனால் பல்கலைக்கழகம் தேடும்போதே, “உங்களிடம் இப்போது மாணவர் உதவித்தொகையுள்ள மானியம் இருக்கிறதா, அடுத்த வருடம் சேருபவருக்கும் இருக்குமா?” என்று கேட்க வேண்டும். இதைக் கேட்காமலே சேர்ந்துவிட்டு, இரண்டாவது வருடம் பக்கத்து நாற்காலிக்காரருக்கு ஃபீஸ் இல்லை என்று தெரிந்து வருந்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, துறையிலேயே கிடைக்கும் அசிஸ்டன்ட்ஷிப். வாரத்துக்கு 20 மணி நேரம் பேராசிரியருக்கோ அலுவலகத்துக்கோ வேலை செய்தால் ஃபீஸில் ஒரு பகுதியோ முழுவதுமோ கழியும். மூன்றாவது, சங்கங்கள் தருபவை. நாஸ்ப் தன் அறக்கட்டளை வழியாக ஸ்பெஷலிஸ்ட் நிலை மாணவர்களுக்கு நடத்திவரும் ஸ்காலர்ஷிப் இருக்கிறது. மாநிலச் சங்கங்களும் சிறு தொகைகள் தருகின்றன. இவற்றுக்கு உறுப்பினர் சந்தா கட்டியிருக்க வேண்டுமா, படிப்பில் சேர்ந்த பிறகுதான் விண்ணப்பிக்க வேண்டுமா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். படிப்பில் இடம் கிடைக்கும் முன்பே ஸ்காலர்ஷிப் கேட்டு எழுதுபவர்கள் நிறையப் பேர்.

நீங்கள் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியது மூன்றாவது வருடத்துக்கு. முதல் இரண்டு வருடம் மாலை வகுப்புகள் உள்ள இடமாகச் சேர்ந்தால் பாரா வேலையை விடாமலே ஓட்டிவிடலாம். இன்டர்ன்ஷிப் வந்ததும் அது முடியாது. முழுப் பள்ளி வருடம் பகல் முழுவதும் அங்கேதான். சம்பளம் போகும். உங்கள் வேலை வழியாக மருத்துவக் காப்பீடு இருந்தால் அதுவும் போகும். சில மாவட்டங்கள் இன்டர்னுக்குப் பணம் தருகின்றன, பல தருவதில்லை. ஒஹாயோவில் மாநில அரசே இன்டர்ன் சம்பளத்துக்கு நிதி ஒதுக்குகிறது, பதிலுக்கு அங்கே ஒரு பள்ளி வருடம் பணிபுரிய வேண்டும். நியூஜெர்சியில் உங்கள் சொந்த மாவட்டத்திலேயே கேட்டுப் பாருங்கள். வருடக்கணக்காக உங்களைப் பார்த்திருக்கும் ஸ்பெஷல் எஜுகேஷன் டைரக்டர், முன்பின் தெரியாத ஒருவரை எடுப்பதைவிட உங்களை எடுக்கத்தான் விரும்புவார். இன்டர்ன்ஷிப்பை இரண்டு வருடத்துக்குப் பாதி நேரமாகப் பிரித்துச் செய்யவும் விதி இடம் கொடுக்கிறது.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு எச்சரிக்கை. 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகச் சேரும் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற கூடுதல் மத்தியக் கடன் கிடையாது. சாதாரண மத்தியக் கடன் வருடத்துக்கு 20,500 டாலர், மொத்தம் ஒரு லட்சம் டாலர் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. பழைய கணக்கை வைத்து யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பொதுப் பள்ளியில் முழுநேரமாக வேலை பார்த்துத் தகுதியுள்ள தவணைகளாக 120 மாதம் கட்டினால் மீதிக் கடன் தள்ளுபடியாகும் திட்டம் இருக்கிறது. சேரும் நாளிலிருந்தே அதற்கு ஏற்ற தவணை முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மகளுக்கு ஃபாஃப்ஸா எனும் மத்திய நிதியுதவி விண்ணப்பத்தை நிரப்பும்போதே உங்களுக்கும் தனியாக ஒன்று நிரப்புங்கள்.

கேள்வி: எனக்கு ஸ்கூல் சைக்காலஜி படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. மத்திய அரசு மானியத்தில் இரண்டு வருடத்துக்கு முழு ஃபீஸும் மாதத் தொகையும் தருகிறார்கள். கையெழுத்துக்கு அனுப்பிய ஒப்பந்தத்தில் “பணிக் கடப்பாடு” என்று ஒரு பக்கம் இருக்கிறது. கணவர் வேலை டெக்சாஸுக்கு மாறலாம். கையெழுத்துப் போடலாமா?
— ஒரு வாசகி, கொலம்பஸ், ஒஹாயோ

பதில்: போடலாம். ஆனால் நான்கு வருடம் என்று மனத்தில் எழுதிக்கொண்டு போடுங்கள். இந்த மானியத்தில் உதவி பெறும் ஒவ்வொரு வருடத்துக்கும் இரண்டு வருடம் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பணி செய்ய வேண்டும். இரண்டு வருடம் பெற்றால் நான்கு. அதை முடிக்க, அந்த நான்கு வருடத்துக்கு மேல் இன்னும் ஐந்து வருட அவகாசம் உண்டு. குழந்தை பெற்றாலும் இடம் மாறினாலும் மூச்சு விட நேரம் கிடைக்கும். முடிக்காவிட்டால் வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

டெக்சாஸ் உங்களுக்குத் தடை இல்லை. மத்திய மானியத்தின் கடப்பாடு எந்த மாநிலத்துக்கும் கட்டுப்பட்டதல்ல. நீங்கள் பணிபுரியும் குழந்தைகளில் பாதிக்கு மேல், அதாவது 51 சதவீதமாவது, சிறப்புக் கல்விச் சேவை பெறுபவர்களாக இருக்க வேண்டும், அல்லது உங்கள் நேரத்தில் 51 சதவீதமாவது அவர்களுக்குப் போக வேண்டும். பொதுப் பள்ளியில் மதிப்பீடு செய்யும் சைக்காலஜிஸ்டுக்கு இது இயல்பாகவே நிறைவேறும். தனியார் கிளினிக் வைக்கும் எண்ணம் இருந்தால் நிறைவேறாமல் போகலாம். ஒஹாயோவின் இன்டர்ன்ஷிப் நிதி வேறு கதை. அது அந்த மாநிலத்தில்தான் ஒரு வருடம் கேட்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கையெழுத்துக்கு முன் துறை இயக்குநரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: “நடுவில் மானியம் நின்றால் என் ஃபீஸை யார் ஏற்பார்கள்?” இது வீண் பயம் இல்லை. டெக்சாஸில் யுவால்டே பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு 2022-இல் வந்த சட்டத்தின் வழியாகப் பள்ளி மனநலப் பணியாளர்களை உருவாக்க நிதி ஒதுக்கினார்கள். 2025 ஏப்ரலில், சுமார் 100 கோடி டாலர் அளவிலான அந்த மானியங்களைத் தொடரப் போவதில்லை என்று கல்வித் துறை அறிவித்தது. வழக்குகள் வந்தன. இடையில் தவித்தவர்கள் மாணவர்கள். உங்கள் மானியம் அதுவல்ல, வேறு சட்டத்தின் கீழ் வருவது. ஆனாலும் கேளுங்கள், பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். குழந்தைகளுக்கு உதவ முன்வரும் இளைஞர்களிடம் பாதி வழியில் கையை விரிப்பதைப் போலக் கொடுமை எதுவும் இல்லை என்றே நான் நினைக்கிறேன். 500 மாணவருக்கு ஒரு சைக்காலஜிஸ்ட் வேண்டும் என்று நாஸ்ப் கேட்கிறது. நாட்டுச் சராசரியோ ஒருவருக்கு ஆயிரம் மாணவருக்கு மேல்.

கேள்வி: ஸ்காலர்ஷிப்புக்கு நான் எழுதிய கட்டுரையை இணைத்திருக்கிறேன். இரண்டு இடங்களில் நிராகரித்துவிட்டார்கள். மதிப்பெண் நான்குக்கு 3.8. எங்கே தவறுகிறேன்?
— 22 வயது வாசகி, ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்

பதில்: முழுக் கட்டுரையையும் இரண்டு முறை படித்தேன். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன். முதல் வரி: “பிறருக்கு உதவ வேண்டும் என்ற ஆசை எனக்குச் சிறுவயது முதலே உண்டு.” நல்ல மனம்தான். ஆனால் நர்ஸுக்கும் வக்கீலுக்கும் தீயணைப்பு வீரருக்கும் இதே வரி பொருந்தும். நாங்கள் ஒரு மாலையில் ஒன்றன்பின் ஒன்றாக விண்ணப்பங்களைப் படிக்கிறோம். இந்த வரியில் தொடங்குபவை எனக்கு ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

இரண்டாம் பக்கத்தின் நடுவில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். ஞாயிறு தமிழ்ப் பள்ளியில் நீங்கள் உதவி ஆசிரியை. எட்டு வயதுப் பையன் ஒருவன், சத்தமாக வாசிக்க அவன் முறை வருவதற்குச் சற்று முன் ஒவ்வொரு வாரமும் பாத்ரூம் போக எழுந்துவிடுவான். மற்றவர்கள் அதைக் குறும்பு என்றார்கள். நீங்கள் அவனுக்கான பத்தியை வெள்ளிக்கிழமையே அம்மாவின் போனுக்கு அனுப்ப ஆரம்பித்தீர்கள். சில வாரத்தில் அவன் உட்கார்ந்தே இருந்தான், ஒருநாள் தானே கையைத் தூக்கினான். பெண்ணே, இதுதான் உங்கள் கட்டுரை! முதல் வரியே இங்கிருந்து வர வேண்டும்.

ஏன் என்றும் சொல்கிறேன். இந்தத் தொழிலில் ஒரு குழந்தையின் நடத்தையைப் பார்க்கும்போது மூன்று கேள்வி கேட்போம். அதற்குச் சற்று முன் என்ன நடந்தது? குழந்தை என்ன செய்தது? அதனால் அதற்கு என்ன கிடைத்தது, அல்லது எதிலிருந்து தப்பியது? பாடமாகப் படிக்காமலே நீங்கள் இந்த மூன்றையும் கேட்டிருக்கிறீர்கள். அவன் பாத்ரூமுக்குப் போகவில்லை, சத்தமாக வாசிப்பதிலிருந்து தப்பினான். தண்டிக்காமல், வாசிப்பதை அவனுக்கு எளிதாக்கினீர்கள். தேர்வுக் குழுவில் இருப்பவர் இதைப் படித்ததும், மதிப்பெண் பட்டியலைத் திரும்பிப் பார்க்கவே மாட்டார்.

மூன்று திருத்தங்கள் மட்டும். அவனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்புக் குறைபாடு, என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். மதிப்பீடு செய்யாமல் பெயர் சூட்டுபவரைப் பார்த்தால் இந்தத் துறையில் எல்லோருக்கும் தயக்கம் வரும். வாசிக்கத் தயங்கினான் என்பதே போதும். அடுத்து, பையனின் ஊர், வகுப்பு, அப்பா வேலை எல்லாம் வேண்டாம். உங்கள் தமிழ்ப் பள்ளியில் யார் படித்தாலும் அவனை அடையாளம் கண்டுவிடுவார்கள். ரகசியம் காப்பது இங்கே தொழில் அறத்தின் முதல் படி. அதைக் கட்டுரையிலேயே காட்டலாம்.

மூன்றாவது சற்று நுணுக்கமானது. “தமிழில் சரளம், அதனால் தமிழ்க் குழந்தைகளைத் தமிழிலேயே சோதிப்பேன்” என்கிறீர்கள். குழந்தையை அதன் தாய்மொழியில் மதிப்பிட வேண்டும் என்று ஐடியா எனப்படும் மத்திய சிறப்புக் கல்விச் சட்டம் சொல்வது உண்மை, அது நடைமுறையில் சாத்தியமே இல்லாத நிலையைத் தவிர. ஆனால் விஸ்க் போன்ற அறிவுத்திறன் சோதனையை நீங்களாகத் தமிழில் மொழிபெயர்த்துக் கேட்டால், அமெரிக்கக் குழந்தைகளை வைத்து ஆங்கிலத்தில் உருவாக்கிய மதிப்பெண் அட்டவணை அதற்குப் பொருந்தாது. சொல்லின் கடினம் மாறிவிடும், நினைவில் வைக்கும் நீளம் மாறிவிடும். அந்த எண்ணை நம்பி ஒரு குழந்தையைச் சிறப்பு வகுப்பில் போட முடியாது. தமிழ் எங்கே உண்மையாகப் பயன்படுகிறது தெரியுமா? வீட்டு வரலாறு கேட்கும்போது. இங்கே பல வீடுகளில் குழந்தையைப் பகலில் வளர்த்தவர் ஊரிலிருந்து வந்த பாட்டி. எப்போது பேச ஆரம்பித்தான், கூப்பிட்டால் திரும்பினானா, காய்ச்சலில் வலிப்பு வந்ததா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஐஇபி கூட்டத்தில் அவர் மூலையில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அவரிடம் உட்கார்ந்து தமிழில் கேட்கத் தெரிந்தவர், அந்த அறையில் வேறு யாராலும் கொண்டுவர முடியாத தகவலைக் கொண்டுவருவார். இதை எழுதுங்கள்.

ஏன் கிளினிக் வேண்டாம், ஏன் பள்ளி என்பதற்கும் ஒரு பத்தி தேவை. உங்கள் கட்டுரையில் அது இல்லவே இல்லை. கிளினிக்கைத் தேடி வரத் தெரிந்த, காப்பீடு உள்ள பெற்றோரின் பிள்ளைகள்தான் அங்கே வருகிறார்கள். பள்ளிக்கு எல்லாப் பிள்ளைகளும் வருகிறார்கள். நான் இந்த வேலையில் இருப்பதற்குக் காரணம் அதுதான். உங்கள் காரணம் வேறாக இருக்கலாம், ஆனால் ஒன்று இருக்க வேண்டும்.

கேள்வி: கோவையில் எம்.எஸ்ஸி. உளவியல் இறுதியாண்டு படிக்கிறேன். அமெரிக்காவில் ஸ்கூல் சைக்காலஜி படிக்க முழு ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தம்பி, நேராகச் சொல்கிறேன். மேலே எடிசன் வாசகிக்குச் சொன்ன மத்திய மானியமும் அமெரிக்க அரசுக் கடனும் உங்களுக்குக் கிடையாது. அவை குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். எஃப்-1 எனும் மாணவர் விசாவில் வருபவருக்கு உள்ள பெரிய வழி அசிஸ்டன்ட்ஷிப். அதுவும் ஸ்பெஷலிஸ்ட் படிப்பில் குறைவு, பிஹெச்.டி.யில் அதிகம். பிஹெச்.டி. என்றால் குறைந்தது 90 கிரெடிட், 1,500 மணி நேர இன்டர்ன்ஷிப், ஐந்தாறு வருடம். ஆய்வில் உண்மையான ஈடுபாடு இருந்தால் அந்த வழியில் போங்கள். இந்தத் துறைப் பேராசிரியர்களின் கட்டுரைகளைப் படித்துவிட்டு, உங்கள் கேள்வி அவர்களுடைய எந்த ஆய்வோடு சேர்கிறது என்று சுருக்கமாக எழுதுங்கள். “மதிப்பிற்குரிய ஐயா, முழு ஸ்காலர்ஷிப் வேண்டும்” என்று எல்லோருக்கும் ஒரே கடிதம் அனுப்பினால் பதில் வராது.

நீங்கள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால் இந்திய மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு ஸ்காலர்ஷிப் இருக்கிறது. வருடத்துக்கு 125 இடம், வயது 35-க்குள், குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள். தமிழ்நாடு அரசும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயலக உயர்கல்வித் திட்டம் வைத்திருக்கிறது. ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை. இரண்டும் பெரிய உதவி. உரிமையோடு கேளுங்கள். ஆனால் இதில் ஒரு முடிச்சு. மத்தியத் திட்டம் உலகத் தரவரிசையில் முதல் 500 பல்கலைக்கழகங்களைத்தான் ஏற்கும். நல்ல ஸ்கூல் சைக்காலஜித் துறைகள் பலவும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய மாநிலப் பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. அவை அந்தப் பட்டியலில் வருவதில்லை. எனவே முதலில் பட்டியல், பிறகு துறை என்று தேடுங்கள். படிப்பின் முடிவில் மாஸ்டர்ஸ் பட்டமும் சேர்ந்து வருகிறதா என்றும் பாருங்கள். ஸ்பெஷலிஸ்ட் என்ற பட்டப் பெயர் இந்திய அலுவலகங்களுக்குப் பழக்கமில்லாதது.

படித்து முடித்த பிறகு? இன்டர்ன்ஷிப்பை மாணவர் விசாவிலேயே முடிக்கலாம். அதன்பின் ஒரு வருடம் வேலை அனுமதி. பிறகு ஹெச்-1பி எனும் வேலை விசா. பல்கலைக்கழகங்களைப் போலப் பள்ளி மாவட்டங்களுக்கு அதன் எண்ணிக்கை வரம்பிலிருந்து பொதுவாக விலக்கு இல்லை, லாட்டரியில் பெயர் வர வேண்டும். 2025 செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து வரும் புதிய ஹெச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணமும் அறிவித்தார்கள். அதனால் இங்கிருந்தே விசா மாற்றுவதும் ஊருக்குப் போய்த் திரும்புவதும் ஒன்றல்ல.

உங்களுக்கு என் யோசனை: எம்.எஸ்ஸி. முடித்ததும் உடனே கிளம்பாதீர்கள். கோவையிலேயே ஒரு பள்ளியில், முடிந்தால் சிறப்புக் கல்வியாளர் இருக்கும் பள்ளியில், ஒரு கல்வியாண்டு வேலை பாருங்கள். பிறகும் இந்த வேலை வேண்டும் என்று தோன்றினால் விண்ணப்பியுங்கள். அந்த ஒரு வருடம் இல்லாமல் வரும் விண்ணப்பம் மெலிந்திருக்கும்.

கேள்வி: என் மகள் மருத்துவம் வேண்டாம், இந்தப் படிப்புதான் வேண்டும் என்கிறாள். எதிர்காலம் உண்டா?
— ஒரு தந்தை, நேபர்வில், இல்லினாய்

பதில்: உண்டு ஐயா. தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி இத்துறையின் இடைநிலை ஊதியம் ஆண்டுக்கு 85,000 டாலருக்கு மேல். பொதுப் பள்ளி என்பதால் ஓய்வூதியமும் கோடை விடுமுறையும் சேரும். ஆள் பற்றாக்குறை நாடு முழுவதும் இருக்கிறது. டாக்டர் சம்பளம் வராது, மருந்து எழுதும் உரிமையும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டே மகள் கேட்கிறாள் என்றால், முடிந்தால் இந்த வாரமே அவளை உங்கள் ஊர்ப் பள்ளி சைக்காலஜிஸ்ட் ஒருவரைச் சந்திக்க அனுப்புங்கள். மனத்தைக் கலைக்க அல்ல, விண்ணப்பத்துக்கு அது உதவும்.

கேள்வி: ஸ்காலர்ஷிப் நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள். என்ன கேட்பார்கள்? பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது?
— ஒரு வாசகர், சான் ஹோசே, கலிஃபோர்னியா

பதில்: கடிதத்தை முதலில் முடித்துவிடுகிறேன். குடும்ப நண்பரான டாக்டரிடம் வாங்காதீர்கள். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், குழந்தைகளோடு உங்களைப் பார்க்காதவர் எழுதினால் அது வெறும் வாழ்த்து. ஒரு பேராசிரியர், நீங்கள் வேலை பார்த்த இடத்தின் ஆசிரியர் அல்லது முதல்வர் போதும். ஒரு மாதம் முன்பே கேளுங்கள். என்னென்ன செய்தீர்கள் என்று ஒரு பக்கக் குறிப்பையும் கொடுங்கள். அவர்களுக்கு ஞாபகம் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

நேர்காணலில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. “வேறு நாட்டிலிருந்து வந்து ஆறு வாரமே ஆன மூன்றாம் வகுப்புக் குழந்தை. வாசிக்க வரவில்லை, சிறப்புக் கல்விக்கு மதிப்பீடு செய்யுங்கள் என்கிறார் ஆசிரியர். என்ன செய்வீர்கள்?”

உடனே எந்தச் சோதனை வைப்பேன் என்று பட்டியல் போடுபவர்கள் அதிகம். ஆங்கிலம் போதாமை முக்கியக் காரணமாக இருந்தாலோ, முறையான வாசிப்புப் பயிற்சியே கிடைக்காதது காரணமாக இருந்தாலோ, குழந்தைக்குக் குறைபாடு உண்டு என்று முடிவு செய்யக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. எனவே முன்பு படித்த பள்ளியின் பதிவுகளைக் கேட்பேன், சொந்த மொழியில் வாசிக்க வருகிறதா என்று பெற்றோரிடம் விசாரிப்பேன், கண்ணும் காதும் சோதித்தார்களா என்று நர்ஸிடம் கேட்பேன், வகுப்பில் போய் உட்கார்ந்து பார்ப்பேன், ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியரைக் கூப்பிடுவேன் என்று சொல்பவர் எனக்கு வேண்டியவர்.

ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். “மொழி வரட்டும், ஒரு வருடம் பொறுப்போம்” என்பதும் தவறான பதில். உண்மையிலேயே குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்த ஒரு வருடம் போய்விடும். சொந்த மொழியிலும் பேச்சு தாமதம், தங்கையை விடவும் பின்தங்கியிருக்கிறான் என்று வீட்டில் சொன்னால் காத்திருக்கக் கூடாது. நியூஜெர்சியில் பெற்றோர் எழுத்தில் கோரிக்கை கொடுத்தால் 20 நாளுக்குள் கூட்டம் கூட்ட வேண்டும், சம்மதம் பெற்றதிலிருந்து 90 நாளுக்குள் மதிப்பீடு முடிய வேண்டும். உங்கள் மாநிலக் கணக்கு வேறு, அதைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஆசிரியர் ஏன் ஆறே வாரத்தில் இந்தக் குழந்தையை அனுப்பினார் என்று அவரிடமே அன்பாகக் கேட்பேன் என்றும் சொல்லுங்கள். இருபத்தெட்டு பிள்ளைகளோடு தனியாக நிற்பவர் அவர். உங்கள் யோசனையை நாளைக்கு வகுப்பில் செய்ய வேண்டியவரும் அவர்தான்.

கடைசியில் உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா என்பார்கள். முன் வருடம் ஸ்காலர்ஷிப் பெற்றவர்கள் இப்போது எந்த மாதிரிப் பள்ளிகளில் வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள்.